திருப்பி அனுப்பிய பொருள் வழியில் தொலைந்தால் நட்டம் யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பும்போது அது வழியில் தொலைந்துபோனால், அந்த நட்டத்தை வாங்கியவர் தலையிலேயே கட்டுவது விற்பனையாளர்கள் பலருக்கு வழக்கமாகிவிட்டது. 'பொருள் எங்கள் கிடங்குக்கு வந்து சேர்ந்த பிறகே பணம் திருப்பித் தரப்படும்' என்று விதிமுறைகளில் ஒரு வரி எழுதிவைத்துவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள்; வாங்கியவர்களும் அதை நம்பிப் பணத்தை விட்டுவிடுகிறார்கள். அந்த வரிக்குச் சட்டத்தில் அவ்வளவு வலு இல்லை என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

பொருள் எதற்காகத் திரும்பிப் போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பழுதான பொருளோ கேட்டதற்கு மாறான பொருளோ வந்தால் அதை ஏற்க மறுப்பது வாங்கியவரின் உரிமை. அப்படி மறுப்பவர், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், பொருளைத் திருப்பி அனுப்பக் கடமைப்பட்டவரே அல்ல என்றும், ஏற்கவில்லை என்று விற்றவருக்குத் தெரிவித்தாலே போதும் என்றும் இந்தியாவின் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு கூறுகிறது. பொருளின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரையே இழப்பும் சேரும் என்பது அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவு வகுத்த பொது விதி. முறைப்படி மறுக்கப்பட்ட பொருள் விற்றவருடையது; அது அவரை நோக்கிப் போகும் வழியில் தொலைந்தால், தொலைந்ததும் அவருடைய பொருள்தான். 'வேறு உடன்பாடு' என்ற சொற்களைக் காட்டி விற்பனையாளர் வாதாடலாம். ஆனால், திருப்பி அனுப்பச் சம்மதிப்பது வேறு, வழியில் நேரும் இழப்பைச் சுமக்கச் சம்மதிப்பது வேறு. முதலாவதற்கு 'சரி' என்று பொத்தானை அழுத்தியவர் இரண்டாவதற்கும் தலையாட்டிவிட்டதாகக் கொள்வது நியாயமாகாது.

பெரும்பாலான தகராறுகளில் நான் முக்கியமாகக் கருதுவது, பார்சலின் மேல் ஒட்டப்படும் லேபிள். விற்பனையாளர் மின்னஞ்சலில் ஒரு லேபிளை அனுப்புகிறார். அதில் அவர் தேர்ந்தெடுத்த கூரியரின் பெயரும் அவருடைய கணக்கு எண்ணும் இருக்கின்றன. வாங்கியவர் அதை அச்சிட்டு ஒட்டிக் கொடுப்பதோடு சரி. சில நாள் கழித்து டிராக்கிங் பக்கம் 'கிளையில் பெறப்பட்டது' என்ற வரியிலேயே நின்றுவிடுகிறது. கூரியரைக் கேட்டால், 'ஒப்பந்தம் விற்பனையாளருடன்தான், அவர் புகார் கொடுத்தால்தான் தேடுவோம்' என்கிறார்கள். விற்பனையாளரைக் கேட்டால், 'எங்களுக்கு வந்து சேரவில்லை, கூரியரிடம் கேளுங்கள்' என்கிறார். கூரியரைத் தேர்ந்தெடுத்தவர், கட்டணம் செலுத்துபவர், இழப்பீடு கேட்கும் உரிமை பெற்றவர் எல்லாம் விற்பனையாளரே என்றால், அந்தக் கூரியர் அவருடைய ஆள். தம்முடைய ஆளிடம் பொருள் ஒப்படைக்கப்பட்ட அந்தக் கணத்திலேயே அது அவரிடம் சேர்ந்ததாகக் கொள்வதுதான் முறை.

பொருளில் குறையேதும் இல்லாமல், மனம் மாறித் திருப்பி அனுப்புவோரின் நிலை இதைவிடச் சிக்கலானது. தாமே தேர்ந்தெடுத்த மலிவான அஞ்சலில், பதிவுகூடச் செய்யாமல் அனுப்பிவிட்டு முழுப் பணத்தையும் கேட்பவருக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் இங்கும் வழிகாட்டும் சட்டங்கள் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை ஆணையின்படி, வாங்கியவர் குறித்த காலத்துக்குள் ஒப்பந்தத்திலிருந்து விலகினால், பொருள் திரும்பி வருவது அல்லது அனுப்பியதற்கான சான்று காட்டப்படுவது, இவற்றுள் எது முந்தியதோ அதுவரைதான் விற்பனையாளர் பணத்தைப் பிடித்து வைக்கலாம். ஜெர்மனியின் குடிமைச் சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போய், இப்படித் திருப்பி அனுப்பும் பொருளுக்கு வழியில் நேரும் இழப்பு விற்பனையாளரையே சேரும் என்று 355-ஆவது பிரிவில் வெளிப்படையாக எழுதிவிட்டது. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளோ, திருப்பி அனுப்பும் செலவு குறித்த விவரத்தை அறிவிக்கச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. தொலைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை.

'அஞ்சல் துறையிடம் இழப்பீடு வாங்கிக்கொள்ளுங்கள்' என்று கைகழுவுவோரும் உண்டு. 2023-ஆம் ஆண்டு அஞ்சல் அலுவலகச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, விதிகளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அஞ்சல் அலுவலகத்துக்குப் பொறுப்பு இல்லை என்கிறது. எனவே விலை உயர்ந்த பொருளைக் காப்பீடு இல்லாமல் அனுப்பச் சொல்லிவிட்டுப் பின்னர் அங்கே போகச் சொல்வது, வாங்கியவரை வெறுங்கையோடு அனுப்புவதற்குச் சமம்.

விற்பனையாளர்களின் அச்சத்தையும் நான் ஒதுக்கவில்லை. வெற்றுப் பெட்டியை அனுப்பிவிட்டுப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மருந்து, ஒப்படைக்கும் இடத்திலேயே பார்சலை எடைபோட்டு, அந்த எடையையும் நேரத்தையும் குறித்து ரசீது கொடுப்பது. வீட்டு வாசலில் வந்து பொருளை வாங்கிச் செல்லும் ஊழியர் எந்தச் சீட்டும் தராமல் போவதுதான் இன்று பல தகராறுகளுக்கு வேர். சீட்டு கையில் வரும்வரை பொருளைக் கொடுக்க வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பொருளையும் ஒட்டிய லேபிளையும் படம் எடுத்து வைப்பதும், பணம் கைக்கு வரும்வரை ரசீதைப் பத்திரப்படுத்துவதும் அவசியம்.

மின்வணிக விதிகளை அடுத்து எப்போது திருத்தினாலும், விற்பனையாளர் ஏற்பாடு செய்த கூரியரிடமோ அஞ்சலிலோ பொருளை ஒப்படைத்ததற்கான ரசீதைக் காட்டினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரு விதியை அவற்றில் சேர்க்குமாறு நுகர்வோர் விவகாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்