பேஜரில் நோயாளியின் பெயர் எதற்கு? பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

வார்டிலிருந்து டாக்டரின் பேஜருக்கு, அதாவது ரேடியோ அலையில் குறுஞ்செய்தி வாங்கும் சிறு கருவிக்குப் போகும் செய்தியில் நோயாளியின் பெயரும் நோயும் இருந்தால், அவை மருத்துவமனைச் சுவரைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. பேஜருக்குச் செய்தி அனுப்பும் போக்சாக் (POCSAG) முறையில் என்க்ரிப்ஷனே, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி செய்தியை மறைக்கும் ஏற்பாடே கிடையாது. 32 பிட் தொகுதி ஒவ்வொன்றிலும் 10 பிட் பிழைதிருத்தத்துக்கு ஒதுக்கப்பட்டது. அதைப் பூட்டு என்று நம்புகிறவர்கள் உண்டு. வழியில் சிதைந்த பிட்டைச் சரிசெய்ய வந்ததே தவிர, அது எதையும் மறைப்பதில்லை. கணினியில் டிவி பார்க்க விற்ற ஒரு யுஎஸ்பி டாங்கிளும் (செருகு கருவி) இலவச மென்பொருளும் இருந்தால் யாரும் படித்துவிடலாம்.

படிப்பது குற்றம்தான். 2006-ஆம் ஆண்டு வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டத்தின் 48-ஆம் பிரிவு, தனக்கு வராத செய்தியை அறியும் நோக்கத்தோடு ரிசீவரை இயக்குவதையும், அறிந்ததை வெளியிடுவதையும் தடுக்கிறது. நியாயமான சட்டம். காற்றில் வருவதெல்லாம் பொதுச்சொத்து என்று வாதாடும் ரேடியோ ஆர்வலர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. அடுத்தவர் நோயைப் படிக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ரிசீவர் வெறுமனே வாங்கிக்கொள்ளும் கருவி. வீட்டுக்குள் கேட்பவரை உங்களால் கண்டுபிடிக்க முடியாது. காப்பாற்ற முடிந்தவர் அனுப்புபவர் மட்டுமே. பிரிட்டனின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 32-ஆவது விதி என்க்ரிப்ஷனைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

பேஜரைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. 2021 இறுதிக்குள் பேஜர்களைக் கைவிடுமாறு 2019-இல் அறிவித்த அரசும் அவசரத் தேவைக்குச் சிலவற்றை விட்டுவைத்தது. இதயம் நின்றுபோனால் ஒரே அனுப்பலில் குழு முழுவதையும் கூப்பிடும் வசதி அதில் இருக்கிறது. செய்தியை மாற்றுங்கள், போதும்: "வார்டு 7, அவசரம், 4412-ஐ அழைக்கவும்." பெயரைத் தொலைபேசியில் சொல்லிக்கொள்ளலாம்.

ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுத்தால் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஆய்வகக் கணினியும் படுக்கை ஒதுக்கும் மென்பொருளும் தாமாகவே பேஜருக்கு அனுப்பும்படி இணைக்கப்பட்டிருந்தால், அங்கே முழு விவரமும் மனிதக் கண் படாமல் போகும். அந்த இணைப்புகளை முதலில் தேடுங்கள்.

என்க்ரிப்ஷன் உள்ள பேஜர் வாங்கினால், லிஃப்ட், அடித்தளம், ஈயச்சுவர் உள்ள எக்ஸ்ரே அறை ஆகிய இடங்களில் சோதித்துவிட்டு வாங்குங்கள். சாதாரணச் செய்தியில் திருத்த முடியாத பிழை வந்தால் சில எழுத்துகள்தான் கெடும். என்க்ரிப்ட் செய்ததில் அந்தப் பகுதியே படிக்க முடியாமல் போகலாம். அவசரச் செய்தியை இரண்டு முறை அனுப்புங்கள். பேஜர் தொலைந்தால் என்க்ரிப்ஷன் சாவியை அன்றே மாற்றுங்கள்.

நிலைமையை அறிய யாரும் காற்றில் ஒட்டுக்கேட்கத் தேவையில்லை. உங்கள் பேஜிங் சர்வரில் பதிவு இருக்கும். நேற்றைய 24 மணி நேரப் பதிவை எடுத்து, எத்தனை செய்திகளில் பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.