ஒரு விளக்கே போதும் என்கிறது சட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யூதப் பண்டிகை என்றாலே விதிகளின் பட்டியல்தான் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. எட்டு இரவுகள் கொண்டாடப்படும் ஹனுக்கா திருநாளின் விளக்குகளைக் கவனித்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். இரவுக்கு ஒன்றாக, வீடு முழுமைக்கும் ஒரே விளக்கை ஏற்றினாலே கடமை தீர்ந்தது என்கிறது யூதர்களின் பழைய சட்டநூலான தல்மூத். சிரத்தை மிகுந்தவர்கள் ஆளுக்கொன்று ஏற்றலாம் என்றும், அவர்களிலும் மேம்பட்டவர்கள், பண்டைய யூத ஆசான் ஹில்லேலின் மரபினர் சொன்னபடி, முதல் இரவில் ஒன்றில் தொடங்கி எட்டாம் இரவில் எட்டாக வளர்க்கலாம் என்றும் அதே நூல் கூறுகிறது. (அவர்களோடு மாறுபட்ட ஷம்மாய் மரபினர் எட்டிலிருந்து குறைத்துவர வேண்டும் என்றார்கள், அது வழக்கில் நிலைக்கவில்லை.) இன்று பெரும்பாலான யூத வீடுகளில் ஏற்றப்படுவது இந்த உச்சநிலை விளக்குவரிசைதான். சலுகையை மறந்து சிறப்பையே வழக்கமாக்கிக்கொண்ட மக்கள் என்று இவர்களை வியக்கத் தோன்றுகிறது.

ஆனாலும் இந்த ஆர்வத்துக்கு அவர்களின் அறிஞர்களே எல்லையும் வகுத்தார்கள் என்பது என்னை இன்னும் கவர்கிறது. சுக்கோத் என்னும் யூத அறுவடைத் திருநாளுக்கான எத்ரோக் என்ற எலுமிச்சை இனக் கனியைச் சிலர் பூதக்கண்ணாடி வைத்துப் புள்ளி இல்லாததாகத் தேடி வாங்குவதுண்டு; அழகுக்கான கூடுதல் செலவு விலையில் மூன்றில் ஒரு பங்கு வரை என்பது தல்மூதின் கணக்கு. அதே திருநாளில் இலைக்கூரைப் பந்தலில் உண்பது கடமை; ஆனால் அப்போது தட்டிலுள்ள கூழ் கெடும் அளவுக்கு மழை பெய்தால் வீட்டுக்குள் போய்விடலாம். அப்போதும் பிடிவாதமாக நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பவருக்குப் புண்ணியம் இல்லை, அவர் வெறும் பாமரரே என்று 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவ் நகர ரப்பி (யூத மதகுரு) மோசே இஸ்ஸெர்லெஸ் எழுதிவைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்