மாத்திரையை நான் விடவில்லை, மகள்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ அழுதது இன்னும் காதுக்குள்ளேயே இருக்கிறது. "அந்த மாத்திரையை விட்டுடுங்கம்மா" என்று சொன்னாய். பக்கத்து லயத்து வீட்டு ஆட்கள் இருந்ததால் அப்போது விளக்கமாகச் சொல்ல முடியவில்லை.

மாத்திரையை விட மாட்டேன். எனக்கு வந்த வகை மார்புப் புற்றுநோய்க்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்தான் தீனியாம். மாதவிலக்கு நின்ற பிறகும் உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டே இருக்கும். லெட்ரோசோல் என்ற இந்த மாத்திரை அதைத் தடுக்கிறது. நோய் திரும்பாமல் இருக்க 5 வருசம் தினமும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூட்டு வலி அதன் கூடவே வருவதுதான்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், கோபிக்காதே. பனிக் காலத்தில் காலையில் எழும்பினால் விரல் ஒன்றும் மடங்காது. அத்தனை வருசம் கொழுந்து எடுத்த கைக்கு ரொட்டிக்கு மாவு பிசையக்கூட முடியவில்லை. சட்டைக்கு ஹூக் போட உன் தங்கச்சியைக் கூப்பிடுவேன். ஒரு கிழமை, ஏழு நாள், யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை எடுக்காமலும் இருந்தேன். கிளினிக்கில் பயந்து பயந்துதான் அதைச் சொன்னேன். டாக்டர் ஏசவில்லை. இந்த வலியால்தான் நிறையப் பெண்கள் பாதியில் விடுகிறார்கள் என்றார். மருந்து இல்லாத மெல்லிய ஊசியைக் குத்தி வைக்கிற அக்குபங்சர் செய்து பாருங்கள் என்றதும் அவர்தான்.

அவர் சிங்களத்தில் சொல்ல, நர்ஸ் மிஸ் எனக்குத் தமிழில் சொன்னார். அமெரிக்காவில் இதே மாதிரி மாத்திரை எடுத்து மூட்டு வலி வந்த 226 பெண்களை வைத்துப் பார்த்து, 2018இல் முடிவை வெளியிட்டார்களாம். சிலருக்கு உண்மையான ஊசி, சிலருக்குப் பேருக்கு ஒரு ஊசி, சிலருக்கு ஒன்றுமே இல்லை. உண்மையான ஊசி போட்டவர்களுக்குத்தான் வலி அதிகமாகக் குறைந்ததாம். அவர்களுக்குக் கிழமைக்கு இரண்டு தரமாக 6 கிழமை, அப்புறம் ஒரு தரமாக 6 கிழமை. நமக்கு பஸ் காசைப் பார்த்தால் கிழமைக்கு ஒரு தரம்தான் கட்டும். விடியற்காலை அட்டனில் கண்டி பஸ் ஏறுகிறேன்.

ஊசி மயிர் மாதிரி மெல்லிசு. கண்டியில் ஊசி போடுகிறவர் ஒவ்வொரு முறையும் புதுப் பக்கெட்டை என் முன்னாலேயே உடைக்கிறார். குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி, பிறகு அந்த இடம் கனக்கும், அவ்வளவுதான். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் அவர் தொடுவதே இல்லை. கக்கத்தில் நெறி (நிணநீர்க் கணு) எடுத்த கை வீங்கிவிடக்கூடாது என்ற கவனம். முதல் நாளே கிளினிக் கொப்பியையும் இரத்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். வெள்ளை அணுவோ பிளேட்லெட்டோ ரொம்பக் குறைவாக இருந்தால் ஊசி போடக் கூடாதாம். அவர் கேட்ட பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. இதையெல்லாம் கேட்காமல் குத்துகிற ஆளிடம் யாரும் போகவே கூடாது, மகள்.

இது புற்றுநோயைச் சுகமாக்காது என்பதையும் அவரே சொன்னார். ஊசியே போதும், இங்கிலீஷ் மருந்து வேண்டாம் என்று யாராவது உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதே. நான் மாத்திரையைத் தாங்கிக்கொள்ளத்தான் இந்த ஊசி.

கீமோ மருந்து ஏற்றிய நாட்களில் நான் வாந்தி எடுத்துக் கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்கும் ஓர் இடம் இருக்கிறதாம். உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாணுக்கு நடுவில். ஊசி போட முடியாதவர்கள் பெருவிரலால் அமுக்கலாம். எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லையே என்று இருந்தது. மேல் லயத்துப் பெரியம்மாவுக்கு இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். டாக்டர் தந்த வாந்தி மாத்திரையையும் போடச் சொல்லி, அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எட்டுத் தரம் போய் வந்துவிட்டேன். வலி முழுக்கப் போகவில்லை. முழங்கால் இன்னும் பிடிக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாவை நானே பிசைந்தேன். அப்பா மூன்று ரொட்டி சாப்பிட்டார்.

வியாழக்கிழமை கண்டி போய் வந்து களைத்திருப்பேன். வெள்ளி இரவு போன் எடு.

அன்புடன்,
அம்மா