ஓசோன் மெஷின் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கழிவுநீரை ஓசோன் என்கிற கிருமிக்கொல்லி வாயுவால் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால் படித்து முடித்தபோது, ஒரு ஓசோன் மெஷினை வாங்கி டேங்க்கில் குழாயை விட்டுவிட்டால் போதும், மறுநாளே தண்ணீர் பளிங்கு மாதிரி ஆகிவிடும் என்ற எண்ணம்தான் மிஞ்சியது. எங்கள் குடியிருப்பின் சுத்திகரிப்பு நிலையத்தை ஆறு வருடமாகக் கவனித்து வருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஓசோனுக்கு முன்னால் நிற்கும் மணல் வடிகட்டி சரியில்லை என்றால் ஓசோனுக்குச் செலவழிக்கிற மின்சாரம் தண்டம்.

ஓசோன் அகோரப் பசிக்காரன். கிருமியைத் தேடிப்போய்க் கொல்லும் என்று நினைக்கிறோம், அது முதலில் கண்ணில் பட்ட கலங்கல், சோப்பு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் தின்றுவிட்டு அங்கேயே தீர்ந்துபோகும். அதனால்தான் வடிகட்டி முன்னால் வேண்டும். வடிகட்டிக்குள் போகும் அழுத்தத்துக்கும் வெளியே வரும் அழுத்தத்துக்கும் வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோவைத் தொட்டதும் பேக்வாஷ் செய்துவிடுவோம், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி மணலைக் கழுவிவிடுவோம். முதல் இரண்டு நிமிடம் கன்னங்கரேல் என்று வரும், தெளிகிற வரை வால்வை மூடக்கூடாது. பொறுமையில்லாமல் பாதியில் மூடினால் அத்தனை அழுக்கும் மணலிலேயே தங்கிவிடும், அப்புறம் ஓசோனைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொரு கூத்து. குடியிருப்புக்காரர் ஒருவர் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரோடு வந்து, "ஓசோன் போட்டும் நம்பர் குறையவே இல்லையே, எங்களை ஏமாற்றுகிறீர்களா?" என்று சண்டைக்கு நின்றார். குறையாது சார். நிறம், நாற்றம், கிருமி இதெல்லாம்தான் ஓசோன் வேலை, கரைந்த உப்பை அது தொடாது. உப்பு போக வேண்டுமென்றால் ஆர்ஓ சவ்வுதான்.

எங்கள் முதல் மெஷின் ஒரே வருடத்தில் படுத்துவிட்டது. மெஷின் காற்றிலிருந்துதான் ஓசோனை உண்டாக்குகிறது; அந்தக் காற்றை உலர்த்தும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் நிறத்துக்கு மாறியதும் மாற்றவேண்டும் என்று பொருத்திவிட்டுப் போனவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஈரக்காற்று உள்ளே போனால் ஓசோன் குறைவதோடு நைட்ரிக் அமிலமும் உண்டாகும், அது மெஷினுக்குள் மின்சாரம் பாயும் எலெக்ட்ரோடை அரித்துத் தின்றுவிட்டது. ஓசோன் பட்டுச் சாதாரண ரப்பர் வாஷர்களும் வெடித்து வாய் பிளந்து கிடந்தன. மெஷின் அறையில் இடி மின்னலுக்குப் பிறகு வருகிற மாதிரி ஒரு வாசனை அடித்தால் ஆஹா என்று நிற்காதீர்கள், கசிவு அது. வேலை செய்கிற இடத்துக் காற்றில் பத்து லட்சத்துக்கு 0.1 பங்கு என்பதே பல நாடுகள் வைத்திருக்கும் வரம்பு, அதோடு மூக்கு சீக்கிரம் பழகிவிடும் என்பதால் வாசனை நின்றுவிட்டது என்று நம்பவும் முடியாது.

சரி, ஓசோன் வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் குடிநீர் வழியாக கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி பரவி சுமார் 4 லட்சம் பேர் நோயில் விழுந்தார்கள். அந்தக் கிருமி குளோரினுக்கு மசியாது, ஓசோனுக்கு மசியும். அங்கே வடிகட்டியும் கைவிட்டிருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. நமீபியாவின் விண்ட்ஹோக் நகரம் 1968 முதல் கழிவுநீரையே குடிநீராக்கி வருகிறது. 2002-ல் வந்த புதிய நிலையத்தில் மணல் வடிகட்டி, ஓசோன், இரண்டு விதக் கார்பன் (கரி) படுகை, மிக நுண்ணிய துளைகள் கொண்ட அல்ட்ரா ஃபில்டர், கடைசியில் குளோரின் என்று வரிசையாக நிற்கின்றன.

கடைசியில் குளோரின் எதற்கு? ஓசோன் தண்ணீரில் அரை மணி நேரம் தங்கினாலே அதிகம். மொட்டை மாடி டேங்க்குக்குப் போய்ச் சேர்கிறபோது காவலுக்கு எதுவும் மிச்சமிருக்காது. போதாததற்கு, ஓசோன் பெரிய அழுக்கைச் சின்னச் சின்னதாக உடைத்துப்போடுகிறது, பாக்டீரியாவுக்கு அது ஊட்டிவிடுகிற மாதிரி. அந்தத் துணுக்குகளை அங்கேயே தின்று தீர்க்கத்தான், பாக்டீரியா குடியிருக்கும் கார்பன் படுகை ஓசோனுக்குப் பின்னால் வேண்டும் என்பது.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, பேக்வாஷ் தண்ணீர் எங்கே போகிறது என்றும் விசாரித்து எழுதச் சொல்லுங்கள். எங்கள் நிலையத்தில் அது முதல் டேங்க்குக்கே திரும்பிப் போகிறது. மழைநீர்க் கால்வாயில் சத்தமில்லாமல் திறந்துவிடுகிறவர்களும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்