எடி ராபின்சனுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவன் நான். வீரர்களைப் பற்றி நிறைய வருகிறது, அவர்களை ஆளாக்கியவர்களைப் பற்றி அவ்வளவாக வருவதில்லை என்பது என் நெடுநாள் குறை. அமெரிக்கக் கால்பந்து என்றால் (நம் கால்பந்து இல்லை, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அது) அதன் வருடாந்திர இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் முடிந்த மறுநாள் நான்கு வரிச் செய்தியோடு சரி. அந்த ஆட்டத்தில் எடி ராபின்சன் என்று ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் இருந்தார். அவரைப் பற்றி விரிவாக எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

1919-ல் லூசியானாவில் பிறந்தவர். படித்து முடித்துவிட்டு பேட்டன் ரூஜ் நகரில் ஒரு தீவன ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1941-ல் கிராம்ப்ளிங் என்ற சின்ன ஊரில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரியில் பயிற்சியாளர் வேலை கிடைத்தபோது அவருக்கு வயது 22. பயிற்சியாளர் என்று பெயர்தானே தவிர, மைதானத்தில் புல் வெட்டுவது, கோடு போடுவது, பையன்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது, ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதி அனுப்புவது எல்லாம் அவர்தான். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் வழியில் எந்த ஓட்டலிலும் கறுப்பர்களை உட்காரவிட மாட்டார்கள் என்பதால் சாண்ட்விச் செய்து கையோடு எடுத்துப்போவார். இந்த நிலைமையில்தான் 1942-ல் 9 ஆட்டங்களிலும் ஜெயித்தார்கள், அதுவும் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல்!

அப்புறம் 1997 வரை அதே கல்லூரிதான். விளையாட்டுத் துறையின் நிர்வாகத்தையும் பல வருடங்கள் அவரே பார்த்தார். அந்தச் சின்ன ஊர் அணி 1968-ல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் ஆடியது, 1976-ல் டோக்கியோ வரை போனது. விடுதியில் மணியடித்துக்கொண்டே போய் விடியற்காலையில் பையன்களை எழுப்புவாராம், வகுப்புக்கு மட்டம் போட்டால் அவரிடம் தப்ப முடியாது.

மொத்தம் 408 வெற்றிகள். 1985-ல் அலபாமா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக இருந்த பியர் பிரயன்ட் வைத்திருந்த 323 வெற்றிகள் என்ற சாதனையை முறியடித்தபோது, சின்னக் கல்லூரிகளை ஜெயித்ததெல்லாம் கணக்கா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. பிரயன்ட்டின் அணியிலேயே 1971-ல்தான் முதன்முதலாக ஒரு கறுப்பின வீரர் களமிறங்கினார், அப்படி இருக்கும்போது ராபின்சன் யாரோடு மோதியிருக்க முடியும்?

அவரிடம் பயின்றவர்களில் 200-க்கும் மேற்பட்டோர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து என்எஃப்எல்லுக்கு (அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக்) போன முதல் வீரர் டேங்க் யங்கர் இவருடைய மாணவர்தான், அது 1949-ல். 1988 சூப்பர் பவுலில் வாஷிங்டன் அணியின் குவாட்டர்பேக்காக (பந்தை வீசித் தாக்குதலை நடத்திச் செல்பவர்) ஆடி ஜெயித்து, ஆட்ட நாயகன் விருதும் வாங்கிய டக் வில்லியம்ஸும் இவர் வளர்த்த பிள்ளை. கறுப்பினத்தவருக்குக் குவாட்டர்பேக் ஆகிற அளவு புத்தி போதாது என்று அதுவரை வெளிப்படையாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வருடங்களில் தோல்விகள் கூடியதும், 1996-ல் அவரை உடனே விலகச் சொல்லி நெருக்கினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த மனிதர், இன்னும் ஒரே ஒரு வருடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, அதை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை. அவருக்குப் பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்தவர் அதே டக் வில்லியம்ஸ்.

ராபின்சன் இறந்தது 2007 ஏப்ரல் 3. அடுத்த ஏப்ரல் 3 அன்றாவது படத்தோடு ஒரு பக்கம் போடுங்கள், அதில் டேங்க் யங்கர் பற்றியும் நாலு வரி இருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகன், திருச்சி