ஆச்சி, அந்தக் காட்சியை மாற்றிவிட்டோம்

அன்புள்ள ஆச்சிக்கு,

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. நேரில் வந்தால் காபி கொடுத்து, ஊர்க்கதை பேசி, நான் விஷயத்துக்கு வருவதற்குள் வாசல் வரை வந்து வழியனுப்பிவிடுகிறீர்கள். நான் இங்கே எழுதுவதையெல்லாம் சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் பேரன் வீடியோ காலில் உங்களுக்குப் படித்துக் காட்டுகிறானாம், அவனே சொன்னான். அதனால்தான் ஊரறிய இந்தக் கடிதம். உங்கள் பேரைப் போடவில்லை, கவலைப்படாதீர்கள்.

கண்ணதாசன் கதையைப் பாட்டு நாடகமாகப் போடுகிறோம் என்றதும் வாடகைப் பேச்சே எடுக்காமல் பெரிய வீட்டுச் சாவியைத் தந்தவர் நீங்கள். அந்த வளவில், அதான் வீட்டு நடு முற்றத்தில், நின்று பேசினால் மைக்கே வேண்டாம், குரல் நாலு பத்தியிலும் சுற்றி வருகிறது. எங்கள் குழுவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வங்கி கிளார்க், ரெண்டு கல்லூரிப் பிள்ளைகள், ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர், திருவிழா மேடைகளில் வள்ளி திருமணத்துக்கு ஆர்மோனியம் வாசித்தே தலை நரைத்த பெரியவர், அப்புறம் நான்.

அன்றைக்கு ஒத்திகை பார்த்தது ஏழாயிரம் ரூபாய்க் காட்சி. 1927ல் சிறுகூடல்பட்டியில் சாத்தப்பச் செட்டியாருக்கும் விசாலாட்சி ஆச்சிக்கும் எட்டாவது பிள்ளையாகப் பிறந்த முத்தையாவை, பின்னாளில் கண்ணதாசன் ஆனவரை, சிறு வயதிலேயே 7,000 ரூபாய்க்கு இன்னொரு வீட்டுக்குப் பிள்ளை விட்டார்கள், அதாவது தத்துக் கொடுத்தார்கள். போன வீட்டில் பேர் நாராயணன். இந்தப் பக்கம் இது தெரியாதவர்கள் இல்லை. நான் அதை எப்படி எழுதியிருந்தேன்? தாம்பாளத்தில் நோட்டுக் கட்டு. அதை எண்ணுகிற கை. தூணைக் கட்டிக்கொண்டு கதறுகிற தாய். பின்னால் வயலின். எனக்கே கண் கலங்கிவிட்டது என்றால் பாருங்கள்.

தூணோரம் நாற்காலியில் இருந்த நீங்கள் பாதியில் எழுந்துவிட்டீர்கள். "இப்படியா பிள்ளை விடுவாக? மாடா பிடிச்சுக் குடுக்குறாக?"

யாருக்கும் வாய் வரவில்லை. நீங்களே நடு வளவுக்கு வந்து, முத்தையாவாக நடிக்கிற பையனைக் கூப்பிட்டு நிறுத்தி, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டீர்கள். ஒன்றை மாற்றிப் போட்டிருந்தான், அதை அவிழ்த்து மறுபடி போட்டீர்கள். அவன் தலையை உள்ளங்கையால் ஒரு தரம் படிய வைத்தீர்கள். அவ்வளவுதான். "போய்ட்டு வா" என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னீர்கள்: "என் தம்பியப் பிள்ளை கூட்டிக்கிட்டுப் போனப்ப எங்க ஆத்தா அழுகல. அடுப்படியில பணியாரச் சட்டிய அலசிக்கிட்டே இருந்தாக. அலசுன சட்டியவே அலசுனாக."

சொல்லிவிட்டுப் போனவர்தான், அதற்கப்புறம் ஒத்திகைப் பக்கம் வரவே இல்லை.

நோட்டுக் கட்டை எடுத்துவிட்டோம் ஆச்சி. வயலினும் இல்லை. தொகை ஒரே ஒரு வசனத்தில் வருகிறது, திண்ணையில் பேசிக்கொள்கிற ரெண்டு பேர் வாயில். தாய்க்கு வசனமே கிடையாது, சட்டி மட்டும்தான். அவள் அலசும்போது ஆர்மோனியப் பெரியவர் "கலங்காதிரு மனமே" மெட்டை மெல்ல வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். சண்டைக்கு வந்துவிட்டார். "அது கவிஞர் சினிமாவுக்கு எழுதுன முதல் பாட்டு, 1949. சின்னப் பிள்ளையா இருக்கும்போது அதை எப்படிய்யா வாசிக்கிறது?" நியாயமான கேள்விதான். ஆனால் மனசுக்கு ஆறுதல் சொல்லித்தானே அந்த மனிதர் சினிமாவுக்குள் நுழைந்தார், அந்த ஆறுதல் முதலில் யாருக்குத் தேவைப்பட்டிருக்கும் என்று திருப்பிக் கேட்டேன். ரெண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் வாசித்தார்.

அவர் சொல்லி நான் திருத்திக்கொண்டதும் உண்டு. கவிஞர் பேனாவும் கையுமாக மோட்டுவளையைப் பார்த்து யோசிக்கிற மாதிரி வைத்திருந்தேன். கண்ணதாசன் எங்கே எழுதினார், சொல்லத்தானே செய்தார், பக்கத்தில் உதவியாளர் எழுதிக்கொள்வார் என்று பெரியவர் பிடித்துக்கொண்டார். இப்போது மேடையில் கவிஞர் நடக்கிறார், உட்காருகிறார், எம்.எஸ்.வி. வேஷக்காரர் 'தன்னன்னா' என்று தத்தகாரத்தில் மெட்டுப் போட, வரி வரியாகச் சொல்லிக்கொண்டே போகிறார். பேனா ஜெராக்ஸ் கடைக்காரர் கையில். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அரசியலைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டோம். தி.மு.க.வில் இருந்தது, 1961ல் ஈ.வெ.கி. சம்பத்தோடு வெளியே வந்தது, 1978ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசவைக் கவிஞர் ஆனது. இதற்கே கிளார்க்கும் கல்லூரிப் பிள்ளைகளும் கட்சி பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். 1981 அக்டோபர் 17, சிகாகோ ஆஸ்பத்திரிக் காட்சியை மட்டும் இன்னும் எழுதவில்லை. அத்தனை தூரத்தில், ஐம்பத்து நாலு வயதில். அந்த இடத்தில் மறுபடி சட்டிச் சத்தம் மட்டும் கேட்டால் போதுமோ என்று தோன்றுகிறது. இதை உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விசாலாட்சி ஆச்சியாக நீங்கள்தான் மேடை ஏற வேண்டும். கல்லூரிப் பெண் ஒருத்தி செய்து பார்த்தாள். நன்றாகத்தான் செய்கிறாள், ஆனால் அலசும்போது ஜனங்கள் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கிறாள். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. இந்த வயதில் கூத்தாடப் போனாள் என்று பங்காளி வீடுகளில் பேசுவார்கள் என்று நீங்கள் தயங்குவது எனக்குத் தெரியும். பேசத்தான் செய்வார்கள். நாடகம் அன்றைக்கு முதல் வரிசையில் வந்து உட்காரப் போகிறவர்களும் அவர்கள்தான். ஜூன் 24, கவிஞர் பிறந்தநாள், பொட்டலில் மேடை. மொத்தம் நாலு நிமிஷம். பேச ஒரு வார்த்தைகூட இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்டோ அனுப்புகிறேன். வரும்போது உங்கள் வீட்டுப் பணியாரச் சட்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். நாங்கள் வாங்கி வைத்திருப்பது நான்ஸ்டிக், அலசினால் சத்தமே வரமாட்டேன் என்கிறது.

அன்புடன்,
உங்கள் வளவில் ஒத்திகை பார்க்கும் தம்பி