பாஷிகாவில் கதவு திறந்தவர்களுக்கு

வட ஈராக்கில் இருக்கும் உங்கள் ஊர் பாஷிகா பற்றிய கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் அதில் யார் பெயரும் இல்லை. நன்றியாவது வந்து சேரட்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி, ஆலிவ் தோப்புக்காரப் பெரியவருக்கு. யசீதிகள் என்ற சிறுபான்மை மதத்தவரின் ஊர்தானே என்று, அவர்களில் பெரும்பாலோர் பேசும் குர்திய மொழி வகையான குர்மாஞ்சியில் நாலு வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு உங்கள் முன்னால் நின்றேன். "எங்கள் வீட்டுமொழி அரபி" என்று சிரித்தீர்கள். பாஷிகாவிலும் பக்கத்து பஹ்சானியிலும் அப்படித்தான் என்பதை வாசித்துவிட்டு வந்திருக்கலாம். சரி, அசடு வழிந்ததற்கு ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் கிடைத்தன.

2014 ஆகஸ்டில் யசீதிகள் பெருமளவில் வாழ்ந்த சிஞ்சார் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பிடம் விழுந்த சில நாட்களில் அந்த அமைப்பு இங்கும் வந்தது. 2016 நவம்பரில்தான் ஊர் மீண்டது. எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கேட்டதற்கு நீங்கள் எண் சொல்லவில்லை. தெருவில் கூட்டிக்கொண்டு நடந்தீர்கள். இந்த வீட்டில் ஆள் இருக்கிறது, இது ஜெர்மனி போய்விட்டது, அதுவும் ஜெர்மனி, அந்தக் கிறிஸ்தவக் குடும்பம் திரும்பவில்லை. பிறப்பால்தான் யசீதி, மதம் மாறி யாரும் உள்ளே வர முடியாது. போன குடும்பத்துக்கு ஈடாக வெளியிலிருந்து ஒரு குடும்பம் வரப்போவதில்லை என்பது அந்த நடையில்தான் எனக்கு உறைத்தது.

அப்புறம் கொத்தனாருக்கு. ஐ.எஸ். வெடி வைத்துத் தகர்த்த யசீதி சன்னதிகளை ஊர்க்காரர்களோடு சேர்ந்து திரும்ப எழுப்பியவர். சன்னதி உச்சியின் வெள்ளைக் கூம்பின் மடிப்புகள் சூரியக் கதிர்கள் என்று கையாலேயே வரைந்து காட்டினீர்கள். வாசற்படியில் கால் வைக்கப் போன என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்த அம்மாவுக்கும் நன்றி. படியை மிதிக்கக் கூடாது, தாண்ட வேண்டும். இனி மறக்க மாட்டேன்.

மொழிபெயர்த்த தம்பிக்கு ஒரு தனி மன்னிப்பு. மூன்று நாளும் உன்னைப் பேசவே விட்டேன், சாப்பிட விடவில்லை.

கடைசியாக, எதிர்வீட்டு அக்காவுக்கு. யசீதிகளின் ஏப்ரல் புத்தாண்டுப் புதன்கிழமை காலை, சாயம் போட்ட முட்டை ஓடுகளையும் சிவப்புப் பூக்களையும் ஈரமண் வைத்து நிலைக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் வாசல் முடிந்ததும் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போனீர்கள். அங்கே பூட்டு துருவேறித் தொங்கியது. "அவர்கள் வாசலுக்கு யார் ஒட்டுவது?" என்று கேட்டுக்கொண்டே என்னிடம் கிண்ணத்தை நீட்டினீர்கள். மூன்று ஓடு நான் ஒட்டினேன். ஒன்று விழுந்துவிட்டது. நீங்கள் எடுத்துத் திரும்ப வைத்தீர்கள்.